இருட்டை வார்த்த வீடு

ஏப்ரல் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றேகால் மணிக்கு, தாராவி கிராஸ் ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்தில் மாரீஸ்வரி தன்னுடைய முப்பத்தேழாவது சோதனை மெழுகுவர்த்தியை ஏற்றியபோது அறை இருண்டது. கரண்ட் போகவில்லை. ட்யூப் லைட் எரிந்துகொண்டுதான் இருந்தது, எரிவது தெரியவில்லை, அவ்வளவுதான். ஃபேன் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. திரியின் நுனியில் புளியங்கொட்டை அளவில் ஒரு சுடர் நின்றது. சுற்றியிருந்த இருட்டைவிட அது கூடுதல் இருட்டாக இருந்ததால் கண்ணுக்குத் தெரிந்தது. வெளிச்சம் எப்படிப் பரவுமோ அப்படி, அதிலிருந்து இருட்டு நாலு சுவருக்கும் பரவியிருந்தது. மாரீஸ்வரி சுடருக்கு முன்னால் கையை நீட்டினாள். சுவரில் நிழல் விழவேண்டிய இடத்தில் ஐந்து விரலோடு ஒரு வெளிச்சம் விழுந்தது. விரல் சுட்டது. ஊதி அணைத்தாள், பகல் திரும்ப வந்தது. அவள் நோட்டை எடுத்து எழுதினாள்: 37. பாரஃபின் எழுபது பங்கு, சோயா மெழுகு முப்பது, இறுக்கத்துக்கு ஸ்டியரிக் தூள் இரண்டு ஸ்பூன், நடுத்தரத் திரி. புகை இல்லை. வியர்க்கவில்லை. வெளிச்சம் இல்லை. எழுதிவிட்டு உலை வைத்தாள், ஏனென்றால் அரிசி ஊறி வெகுநேரம் ஆகிவிட்டிருந்தது.

அவள் மெழுகுவர்த்தி செய்யத் தொடங்கி அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. பெண்களுக்கான ஒரு சங்கம் ஆறு நாள் வகுப்பு எடுத்தது. மெழுகை நேரடியாக அடுப்பில் வைக்கக்கூடாது, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்கவேண்டும் என்பதை அங்கேதான் கற்றாள். மற்றதைக் கற்றது கெட்டுப்போன மெழுகுவர்த்திகளிடமிருந்து. மாஹிம் சர்ச் பக்கத்துக் கடைக்குக் கொடுத்த முதல் பெட்டி அப்படியே திரும்பி வந்தது, எல்லாம் பாதியில் அணைந்துவிட்டன. திரி மெலிதாக இருந்தால் சுடர் நடுவில் குழி தோண்டிக்கொண்டு இறங்கி, உருகிய மெழுகில் மூழ்கிச் சாகும். தடிமனாக இருந்தால் நுனியில் காளான் மாதிரிக் கரி கட்டிப் புகையும். வாசனை எண்ணெய் ஒரு சொட்டு கூடினால் மேல்பரப்பு முகம் மாதிரி வியர்க்கும். க்ரேயான் கரைத்து நிறம் சேர்த்தால் திரி அடைத்துக்கொள்ளும். ஆகவே அவள் ஒரு தடவைக்கு ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, ஏற்றி, நாலு மணி நேரம் எரியவிட்டு, உருகிய வட்டத்தை ஸ்கேலால் அளந்து, நோட்டில் எழுதி வந்தாள். எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள். படிக்கும் காலத்தில் இவ்வளவு ஒழுங்காக எதையும் எழுதியதில்லை.

அவள் புருஷன் நாகராஜ் அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பதினான்கு மாதம் முன்பிருந்தே தூங்கவில்லை. அவன் செம்பூரில் ஒரு குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தான். பிப்ரவரியில் ஒருநாள் மாற்று ஆள் வராததால், ராத்திரி டூட்டி முடிந்து பகல் டூட்டியும் அவனே பார்த்தான். மத்தியானம் மூன்று மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடியே ஏழு நிமிடம் தூங்கிவிட்டான். ஏழு நிமிடம் என்பது கேமராவில் பதிவாகியிருந்தது. அந்த ஏழு நிமிடத்துக்குள் மூன்றாம் மாடியில் குடியிருந்த ஷகீலின் மகள், நாலு வயதுப் பிள்ளை அதீபா, பந்தைத் துரத்திக்கொண்டு சின்ன கேட் வழியாக ரோட்டுக்குப் போனாள். ஒரு மோட்டார் சைக்கிள் தட்டியது. தலையில் அடி. பிள்ளை பிழைத்துக்கொண்டது. நாகராஜை யாரும் அடிக்கவில்லை, போலீஸ்காரர்கள் எழுதிக்கொண்டு போனார்கள், குடியிருப்பில் கணக்கு முடித்து அனுப்பினார்கள். ஷகீல் மட்டும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் கேட்டில் நின்று, "தூங்கிட்டியா?" என்று கேட்டார். இன்னொரு தடவை, "தூங்கிட்டியா?" என்று கேட்டுவிட்டு மாடிக்குப் போனார். அன்றிலிருந்து நாகராஜுக்கு இமை மூடவில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரைகள் பலிக்கவில்லை. இரண்டு மாதம் தூங்காதவன் உயிரோடு இருக்கமாட்டான், ஆகவே இவன் தனக்கே தெரியாமல் தூங்குகிறான் என்று டாக்டர் சொன்னார். மாரீஸ்வரி அவனைப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு நாள் பார்த்தவள். டாக்டரோடு அவள் வாதாடவில்லை. நாகராஜ் பதிமூன்றாம் கம்பவுண்டில் பிளாஸ்டிக் தரம் பிரிக்கும் வேலைக்குப் போய்வந்தான். சிவப்பு டப்பாவை நீலக் குவியலில் போட்டதற்காகத் திட்டு வாங்குவான். சோறு முன்னால் இருக்கும்போது சாப்பிட்டேனா என்று கேட்பான்.

முப்பத்தெட்டிலிருந்து அறுபது வரை எல்லா மெழுகுவர்த்தியும் சாதாரணமாக வெளிச்சம் கொடுத்தன. மாரீஸ்வரிக்கு அது எரிச்சலாக இருந்தது. அதே பாரஃபின் கட்டி, அதே திரிச் சுருள், அதே பாத்திரம், காலை ஐந்து மணிக்கு வரும் அதே குழாய்த் தண்ணீர். தேன்மெழுகு சேர்த்துப் பார்த்தாள். ஸ்டியரிக்கை விட்டுப் பார்த்தாள். திரியை உப்பிலும் போராக்ஸிலும் ஊறவைத்துக் காயப்போட்டுப் பார்த்தாள். ஒவ்வொன்றும் நல்லபடியாக எரிந்தது, அவளுக்கு வேண்டியது அதுவல்ல. பிறகு ஒருநாள் துணி மடிக்கும்போது நினைவு வந்தது. முப்பத்தேழாவதை உருக்கும்போது கக்கூஸ் வரிசையில் நிற்க அவள் போயிருந்தாள், நாகராஜைக் கிளறச் சொல்லிவிட்டு. அறுபத்தொன்றை அவனைக் கிளறச் சொன்னாள். இருட்டு. அறுபத்திரண்டை அவளே கிளறினாள். வெளிச்சம். ஏர்போர்ட்டில் ராத்திரி சாமான் ஏற்றும் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு நயினாரைக் கூப்பிட்டு அறுபத்துமூன்றைக் கிளறவைத்தாள். வெளிச்சம். அறுபத்துநாலு மறுபடி நாகராஜ். இருட்டு. நோட்டில் சேர்மானங்கள் எழுதும் பத்தியில், ஸ்டியரிக்குக்குக் கீழே, 'அவர்' என்று எழுதினாள்.

அறுபத்துநாலு எரிந்துகொண்டிருக்கும்போது அதன் பக்கத்திலேயே நாகராஜ் தூங்கிப்போனான். பகல் ஒன்றரை மணி. தன்னைத் தானே பார்க்கமுடியாத அளவுக்கு இருட்டு வேண்டியிருந்திருக்கிறது அவனுக்கு, அவ்வளவுதான் என்று மாரீஸ்வரி நினைத்தாள். அவன் மூச்சு சீராக வருவதைக் கேட்டுக்கொண்டே இருட்டில் சுவரைத் தடவிப் போய்க் கதவைச் சாத்தினாள். பிறகு வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். பதினாறு மணி நேரம் தூங்கினான். எழுந்து, "ஏட்டி, பசிக்கு" என்றான். ஒரு வாரத்தில் முகத்தில் சதை போட்டது. நீல டப்பா நீலக் குவியலுக்குப் போனது. இரண்டாம் வாரம் சந்தில் யாரோ சொன்ன ஒரு நகைச்சுவைக்கு அவன் சிரித்தது உள்ளே இருந்த அவளுக்குக் கேட்டது. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு தடவை சிரிக்கிறானா என்று காத்திருந்தாள்.

அந்த வாரங்களில் சின்ன டப்பாக்களில் வார்த்த மெழுகுவர்த்திகள் சந்துக்குள் போயின. நயினார் காலை எட்டு மணிக்கு ஒன்றை ஏற்றிவைத்துவிட்டு மத்தியானம் வரை தூங்கினார். ஒரே அறையில் ஏழு பேர் இருக்கிற வீட்டில் புதிதாகக் கல்யாணமானவர்கள் ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். யாரும் இதை அதிசயம் என்று பேசவில்லை. வெளிச்சத்துக்குத்தான் மீட்டர் இருக்கிறது, இதற்கு இல்லையே என்று ஒரு கிழவர் மட்டும் சொன்னார். ஆனால் எழுபத்தொன்றாவது சோதனையில், நாகராஜ் கிளறியும், அறை சாயங்காலம் மாதிரிச் சாம்பலாக ஆனதோடு நின்றது. எழுபத்துமூன்று நன்றாகவே வெளிச்சம் தந்தது. மாரீஸ்வரி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அவன் தூங்கிய நாட்களை எண்ணிப் பார்த்தாள். சேர்மானம் அவனும் அல்ல, அவனுடைய தூக்கமின்மை என்பது தெளிவாகிவிட்டது. அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டாள். கேட்டவர்களிடம் அந்த மெழுகு வருவது நின்றுவிட்டது என்றாள். மிச்சம் ஒன்பது டப்பா இருந்தது. அதைத் துணியில் சுற்றி அலமாரியின் அடியில் வைத்தாள்.

ஆகஸ்ட்டில் மழை விட்டிருந்த ஒருநாள் சாயங்காலம் ஒரு பெண் சந்தில் விசாரித்துக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் பூமாரி இதே சந்துக்காரி, அவள் வழி சொல்லியிருந்தாள். வந்தவள் கையைப் பிடித்துக்கொண்டு, கறுப்புக் கண்ணாடியும் அதற்குமேல் துண்டும் போட்ட ஒரு சின்னப் பிள்ளை நின்றது. தலையில் அடிபட்டதிலிருந்து பிள்ளைக்கு வெளிச்சம் பட்டால் மண்டை வெடிக்கிற மாதிரி வலிக்கிறது, ஜன்னலில் அட்டை ஒட்டியும் பார்த்தாயிற்று, இடுக்கில் வருகிற வெளிச்சமே வலிக்கப் போதுமாக இருக்கிறது, தூங்காது, தின்னாது என்று அவள் சொன்னாள். பிறகு பிள்ளையிடம், "அதீபா, கண்ணாடிய கழட்டாதே" என்றாள். மாரீஸ்வரி அந்தப் பெயரைப் பதினெட்டு மாதமாக அறிந்தவள். தலைக்கு மேலே, ஏணி வைத்த மச்சில் நாகராஜ் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் அலமாரியின் அடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து ஏற்றினாள். அறை இருண்டது. கண்ணாடியைக் கழற்றித் தரையில் வைக்கிற சின்னச் சத்தம் கேட்டது.

"உம்மா, வலிக்கல" என்றது பிள்ளை.

மாரீஸ்வரி ஒன்பது டப்பாவையும் கொடுத்து அனுப்பிவிட்டாள். வந்தவள் பெயர் ஃபர்ஸானா. மூன்று வாரம் கழித்து அவள் தனியாக வந்தாள். மெழுகு வரவில்லை என்று மாரீஸ்வரி சொன்னாள்.

"வேற எங்கயும் கெடைக்காதாக்கா? குர்லா, மஸ்ஜித் பந்தர், எங்கயாச்சும்? எங்க ஊட்டுக்காரரு போய் வாங்கிட்டு வருவாரு."

"கெடைக்காது தங்கச்சி. செய்யுத ஆளே இல்ல."

ஃபர்ஸானா வாதாடவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். "அத ஏத்துன நாள்லல்லாம் அதீபா சோறு கேட்டு வாங்கித் தின்னா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

ஏணி கிறீச்சிட்டது. நாகராஜ் இறங்கி வந்தான். யார் வந்தது என்று அவன் கேட்கவில்லை. மச்சில் படுத்திருந்தவனுக்கு எல்லாம் கேட்டிருந்தது. அடுப்படியில் குந்தி, பாரஃபின் கட்டியை எடுத்துக் கத்தியால் சீவத் தொடங்கினான்.

"அது உங்களால இப்ப ஆவாது" என்றாள் மாரீஸ்வரி. "நீங்க தூங்குதீய. தூங்குத கையால கிண்டுனா வெளிச்சந்தான் வரும். நான் எழுதிப் பாத்துட்டேன்."

கத்தி நின்றது. அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். அவள் கிழித்துப்போட்ட பக்கத்தில் என்ன இருந்தது என்பதை அந்த ஒரு பேச்சில் தெரிந்துகொண்டான்.

"அப்பம் தூங்கல."

"ஒரு பிள்ளைக்காவ நீங்க சாவணுமா?"

"போன தடவ சாவலியே."

"போன தடவ நீங்க உசுரோட இருந்தீயன்னு யாரு சொன்னா உங்களுக்கு?" என்று அவள் கத்தினாள். சந்தில் நடந்துகொண்டிருந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் ஸ்டியரிக் பொட்டலத்தை வெளியே வீசினாள், பாத்திரத்தைக் கவிழ்த்தாள், தாலியைப் பிடித்துக்கொண்டு என்னவெல்லாமோ சொன்னாள். அவன் போய்ப் பொட்டலத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்தான்.

திரும்பத் தூக்கத்தை விடுவது அவனுக்குச் சுலபமாக இல்லை. முதல் நாலு நாள் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தான், வார்த்தது எல்லாம் பளிச்சென்று எரிந்தது. ஐந்தாம் நாளிலிருந்து அவன் தனக்குள் எதையோ முணுமுணுப்பதை மாரீஸ்வரி கேட்டாள். பக்கத்தில் போய்க் காது கொடுத்தபோது, "தூங்கிட்டியா, தூங்கிட்டியா" என்று சொல்லிக்கொண்டிருந்தான், ஷகீல் கேட்ட அதே குரலில். ஒன்பதாம் நாள் சாம்பல் வந்தது. பதினொன்றாம் நாள் வார்த்ததை ஏற்றியபோது மாரீஸ்வரிக்குத் தன் கை தெரியவில்லை. இருட்டுக்குள் அவன் நிம்மதியாக மூச்சு விடுவது கேட்டது, கண்ணயரும்முன் அவனே ஊதி அணைத்தான். அவள் நோட்டில் தொண்ணூற்றெட்டு என்று எண் மட்டும் போட்டாள், வேறு எதுவும் எழுதவில்லை.

டப்பாக்களை அவனே சுமந்துகொண்டு செம்பூருக்குப் போனான். மாரீஸ்வரி கூடப் போனாள். கேட்டில் இருந்த புது வாட்ச்மேன் நோட்டில் எழுதச் சொன்னான். நாகராஜ் தன் பெயரையும் வீட்டு எண்ணையும் எழுதி, காரணம் என்கிற இடத்தில் மெழுகுவர்த்தி என்று எழுதினான். மூன்று மாடியையும் படியில் ஏறினான். ஃபர்ஸானா சங்கிலியை எடுக்கிற நேரத்துக்குள் அவனை அடையாளம் கண்டுவிட்டாள். யூனிஃபார்மில் இரண்டு வருடம் தினமும் பார்த்த முகம். அவள் அவன் கண்களைப் பார்த்தாள், பிறகு பின்னால் நின்ற மாரீஸ்வரியைப் பார்த்தாள். அவன் பெட்டியை நீட்டினான். அவள் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அடுத்த வாரம் மாரீஸ்வரி தனியாகப் போனாள். அதில் என்ன சேர்கிறது என்பதை மறைக்க அவளுக்கு விருப்பமில்லை, வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப அவரு தூங்குறதே இல்லியா?" என்று ஃபர்ஸானா கேட்டாள்.

"இல்ல."

"எத்தன நாளா?"

"இன்னைக்குப் பதினெட்டு."

ஃபர்ஸானா உள்ளே போனாள். வெகுநேரம் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. போன வாரத்து டப்பாக்களைக் கழுவித் துடைத்து எடுத்துவந்து மாரீஸ்வரியின் பையில் போட்டாள். "வாரத்துக்கு ஆறு வேணும்" என்றாள்.

அப்படியே நடந்தது. இரண்டு மழைக்காலமும் இரண்டு தீபாவளியும் போயின. நாகராஜின் தலை முழுக்க நரைத்தது, நாற்பத்தாறு வயதில் இரண்டு பல் விழுந்தது. பிளாஸ்டிக் வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். மாரீஸ்வரியின் சாதாரண மெழுகுவர்த்திகள் நன்றாகப் போய்க்கொண்டிருந்ததால் அவள் அவனைப் பெட்டி கட்டுவதில் வைத்துக்கொண்டாள். சில நாள் அவன் அவளை யாரென்று தெரியாமல் பார்ப்பான், பிறகு தெரிந்துகொள்வான். நயினார் பகலில் தூங்கமுடியாதபடி அவர் வீட்டில் விசேஷம் என்றால் மட்டும் ஒரு இருட்டு டப்பா அதிகமாக வார்ப்பார்கள். வியாழக்கிழமைகளில் மாரீஸ்வரி பஸ்ஸில் செம்பூர் போவாள். காலி டப்பாக்கள் திரும்பி வருவது எப்போதிலிருந்தோ நின்றிருந்தது. அவள் புது டப்பா வாங்கிக்கொண்டாள், அதைப் பற்றி யோசிக்கவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை கதவைத் திறந்தது அதீபா. எட்டு வயது. கண்ணில் கறுப்புக் கண்ணாடி இல்லை. வரவேற்பறை ஜன்னல்கள் எல்லாம் திறந்து, தரையெல்லாம் வெயில் கிடந்தது. நாளைக்கு ஸ்கூலில் டான்ஸ் இருக்கிறது, பட்டாம்பூச்சி வேஷம் என்று பிள்ளை ஹிந்தியும் தமிழுமாகச் சொன்னாள். தலைவலி எப்படி இருக்கிறது என்று மாரீஸ்வரி கேட்டாள்.

"அதா? அது போன வருஷமே போயிருச்சு ஆன்ட்டி. வாங்க, டிரெஸ் காட்டறேன்."

பட்டாம்பூச்சி இறக்கை படுக்கையறை அலமாரியில் இருந்தது. பிள்ளை கதவைத் திறந்து இறக்கையை இழுத்தபோது அதன் பின்னால் இருந்தவை தெரிந்தன. கம்பளிகளுக்குக் கீழே மூன்று தட்டிலும் டப்பாக்கள் வரிசையாக, ஒன்றின்மேல் ஒன்றாக. எல்லாத் திரியும் வெள்ளையாக இருந்தது. ஒரு திரிகூடத் தீயைப் பார்த்ததில்லை. மாரீஸ்வரி எண்ணத் தொடங்கி, விட்டுவிட்டாள். நாகராஜின் ராத்திரிகள் அத்தனையும் அங்கே அடுக்கியிருந்தன. திரும்பியபோது ஃபர்ஸானா ஈரக் கையோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். பிள்ளையை இறக்கையோடு வெளியே அனுப்பினாள்.

"போதும்னு சொல்லணும்னு ஒவ்வொரு வியாழக்கெழமையும் நெனைப்பேன்க்கா" என்றாள். "கதவத் தொறக்கற வரைக்கும் நெனைப்பு இருக்கும். அப்புறம் இவ ஆஸ்பத்திரியில கெடந்தது கண்ணுக்குள்ள வந்துரும். வாய் வர மாட்டேங்குது."

மாரீஸ்வரிக்குக் கோபம் வரவேண்டும் என்று இருந்தது. வந்தது, நிலைக்கவில்லை. ஃபர்ஸானாவின் கண்ணைச் சுற்றியிருந்த கருவளையத்தை அவள் அப்போதுதான் பார்த்தாள். அது நேற்று வந்ததல்ல.

"நீங்க தூங்குதீயளா?" என்று கேட்டாள்.

ஃபர்ஸானா இல்லை என்று தலையசைத்தாள்.

"வாய் வரும்போது சொல்லுங்க" என்றாள் மாரீஸ்வரி. பையிலிருந்த ஆறையும் எடுத்து, இடம் பார்த்து, அவளே அலமாரியில் அடுக்கினாள்.

திரும்பி வருகிற பஸ்ஸில் சயான் வரைக்கும் அவள் நின்றுகொண்டே வந்தாள். இனித் தேவையில்லை என்று மாரீஸ்வரி சொன்னால் நாகராஜ் பாத்திரத்தை இறக்கி வைப்பான், ஆனால் படுக்கமாட்டான். போதும் என்கிற அந்த வார்த்தை வரவேண்டியது ஃபர்ஸானாவின் வாயிலிருந்து. வீட்டில் அவன் அடுப்புக்கு முன்னால் குந்தி, உருகுகிற மெழுகைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"பிள்ளை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கா. நாளைக்கு ஸ்கூல்ல டான்ஸாம்."

"டான்ஸா?" அவன் சற்று நேரம் கிளறாமல் இருந்தான். பிறகு, "அடுத்த வாரத்துக்கு எத்தன வேணுமாம்?" என்று கேட்டான்.

"ஆறு."

அவன் தீயைக் குறைத்தான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து சுருளிலிருந்து திரியை இழுத்து, ஒரே அளவாக ஆறு துண்டு நறுக்கி அவன் கைக்கு எட்டும்படி வைத்தாள்.